மூன்றாவது இலை

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டிருந்தாள்: "மனசு சரியில்லப்பா. பாத்தா தேறிடுற மாதிரி ஒரு படம் சொல்லுங்க." கேட்டதுதான் தாமதம், நீங்கள் எல்லாரும் கொட்டித் தீர்த்துவிட்டீர்கள். மழை பெய்யும் படம், ரயில் போகும் படம், நாய்க்குட்டி திரும்பி வரும் படம். ஒருத்தன் தன் கல்யாண வீடியோவையே அனுப்பி, அழுகை வந்தால் இதைப் பார், சிரிப்பு வரும் என்றான். அவன் மனைவியும் அந்தக் குழுவில் இருப்பதை மறந்துவிட்டான் போல.

நான் மட்டும் ஒன்றும் எழுதவில்லை. என்னிடமும் ஒரு படம் இருக்கிறது, ஒன்றே ஒன்று. ஆனால் அது எந்தத் திரையிலும் இல்லை. தேடிப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். அந்தப் படப்பெட்டி எந்தக் கொட்டகையின் மூலையில் வெயிலில் உருகி ஒட்டிக்கொண்டதோ. இருந்தும் எங்கள் வீட்டில் அது ஓடாத மாதமில்லை. அதைச் சொல்ல ஒரு கோடையைச் சொல்ல வேண்டும், அந்தக் கோடையைச் சொல்ல அதற்கு முந்தின வருஷத்து மத்தியானம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் வயதில் எதையும் நேராகச் சொல்ல வருவதில்லை. கையிலிருக்கும் வேலையைக் கொஞ்சம் கீழே வையுங்கள்.

என் நைனா, அதாவது அப்பா, மலை பஸ் ஓட்டினார். திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறுவதும் இறங்குவதுமாக நாள் முழுக்க வளைவுகளைச் சுற்றுகிற வேலை. அவருடைய காக்கிச் சட்டையில் டீசல் வாடையும் சந்தன வாசனையும் கலந்தே இருக்கும். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள் சீட்டில் சாய்ந்து தூங்கித் தூங்கி, அந்த மஞ்சள் எப்படியோ டிரைவரின் தோள்வரைக்கும் வந்து ஒட்டிவிடும். ஊருக்கு அவர் 'கொண்ட டிரைவர்'. கொண்ட என்றால் தெலுங்கில் மலை. உங்களுக்குத் தெரியும், உங்கள் பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்.

மனசு கோணிக்கொண்டால் சிலர் டீக்கடைக்குப் போவார்கள், சிலர் வீட்டில் சண்டை போடுவார்கள். நைனா மேட்னி போவார். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கொட்டகை இருந்தது. சிமெண்டு ஓட்டுக் கூரை, மரப்பலகைப் பெஞ்சு, இடைவேளையில் உப்புத் தூவிய மாங்காய்ப் பத்தை. அங்கே படம் ஓட்டுகிற ஆப்பரேட்டர் மாமா நைனாவுக்கு உயிர்ச் சிநேகிதர். அந்தச் சிநேகிதத்தில் ஒரு விளையாட்டும் இருந்தது.

ஸ்லைடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையின் அடியில் எழுத்து விழும்: இன்னார் உடனே வெளியே வரவும். மை பூசிய கண்ணாடித் துண்டில் ஊசியால் கீறிய எழுத்து. வெளியே யாரோ ஓடி வந்து வாசலில் சொல்லியிருப்பார்கள். உள்ளே இருப்பவரைக் கூப்பிட அந்த ஊரில் வேறு வழியில்லை. ஆப்பரேட்டர் மாமாவுக்குப் பொழுது போகாவிட்டால் அவரும் ஒன்று கீறுவார்: 'கொண்ட டிரைவர். அவசரம். வெளியே வரவும்.' நைனா நாலு பேர் காலை மிதித்துக்கொண்டு பதறி ஓடி வந்தால், வாசலில் மாமா இரண்டு டீயோடு நிற்பார்.

"தனியா குட்ச்சா எறங்க மாட்டேங்குது அண்ணா."

"உன் கைய ஒடிக்கிறேன் பாரு" என்பார் நைனா. சொல்லிக்கொண்டே டீயை வாங்கிக்கொள்வார். நாலைந்து முறைக்குப் பிறகு ஸ்லைடு விழுந்தாலும் அவர் எழுந்திருப்பதில்லை. இருட்டிலேயே மேலே படம் ஓட்டுகிற அறையின் ஓட்டையைப் பார்த்துக் கையை ஆட்டி, போடா என்று சைகை காட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

அப்போதுதான் அந்த பஸ் படம் வந்தது.

கதை இவ்வளவுதான். கல்யாணக் கோஷ்டி ஒன்று வாடகை பஸ்ஸில் கிளம்புகிறது. டிரைவர் வழி தவறி வேறு ஊருக்குப் போய்விடுகிறான். அந்த ஊரிலும் ஒரு கல்யாண வீடு. அவர்களும் மாப்பிள்ளை வீட்டாருக்காகக் காத்திருக்கிறார்கள். வந்தவர்களை உட்கார வைத்துப் பரிமாறுகிறார்கள். முதல் இலையில் டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. இரண்டாவது இலையில் லேசாகச் சந்தேகம். யாரோ அவனை மாப்பிள்ளையின் பெரியப்பா என்று நினைத்து மறுபடி உட்கார வைக்க, மூன்றாவது இலை போடும்போது அவனுக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. சொன்னால் சாப்பாடு போய்விடும், சொல்லாவிட்டால் மானம் போய்விடும். அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுதபடியே நொறுக்குவான். தெலுங்குப் படம். ஆனால் நான் அதைத் தமிழில்தான் பார்த்தேன், அதாவது நைனா வீட்டில் நடித்துக் காட்டி.

யாருக்காக என்றால் தாத்தாவுக்காக. நைனாவின் அப்பா. அந்த வருஷம் முழுக்கக் கட்டிலோடு கிடந்தார். மேட்னி விட்டு வந்ததும் நைனா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, பழைய பேப்பரை இலையாக விரித்து, மூன்று பந்தியும் சாப்பிட்டுக் காட்டுவார். மூன்றாவது இலைக்குத் தாத்தா பொக்கை வாயைத் திறந்து சத்தமே வராமல் சிரிப்பார். கட்டில் மட்டும் கிறீச்கிறீச்சென்று குலுங்கும். வேறு எதற்கும் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த மத்தியானமும் அவர்தான் சொன்னார். நான் கூடவே இருந்தேன். "போயி இன்னொரு தபா பாத்துட்டு வா நைனா. அந்த மூணாவது எலையில அவன் எந்தக் கையில அப்பளத்த வெச்சிருந்தான்னு மறந்துட்டே நீ." பெற்ற பிள்ளையை நைனா என்றுதான் கூப்பிடுவார். நைனா போனார்.

அரைமணி நேரத்தில் தாத்தாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. அத்தை, நைனாவின் அக்கா, தாத்தாவைப் பார்த்துக்கொள்ளச் சித்தூரிலிருந்து வந்திருந்தவர், என் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினார்.

"ஓடு. உங்கப்பன இட்டுக்கினு வா. ஆனா ஒண்ணு. கொட்டாய்ல நின்னுக்கினு தாத்தா போவுதுன்னு வாயத் தொறந்து சொல்லிடாத. இன்னும் உசுரு கீது. வாயால சொன்னா ஆயிடும். அவசரம்னு மட்டும் சொல்லு."

செருப்பில்லாமல் ஓடினேன். வாசல்காரர் கேட்டார், "ஏமைந்தி அம்மா? இன்னா ஆச்சி?"

"அவசரம்."

"இன்னா அவசரம்?"

"அவசரம்."

உள்ளே ஸ்லைடு விழுந்திருக்கும். கதவுக்கு வெளியே எனக்குச் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. கொட்டகை முழுக்கச் சிரித்தது. அதற்குள்ளே நைனாவின் சிரிப்பைத் தனியாகப் பிரித்துக் கேட்டேன். குளிரில் நின்ற பஸ் கிளம்புகிற மாதிரி இரண்டு மூன்று முறை திக்கி அப்புறம் பிடித்துக்கொள்கிற சிரிப்பு. அவர் வரவில்லை. இருட்டுக்குள் தனியாகப் போக எனக்குப் பயம். மறுபடி ஒரு ஸ்லைடு. வரவில்லை. சிமெண்டுத் தரை காலைச் சுட்டது. ஒரு காலைத் தூக்கி மறு காலின் மேல் வைத்து, மாற்றி மாற்றி நின்றேன். படம் முடிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்த முகத்தோடு வெளியே வந்தவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

நாங்கள் போய்ச் சேரும்போது தாத்தாவின் வாயில் கடைசிப் பாலை அத்தை ஊற்றி முடித்திருந்தார்.

அதற்குப் பிறகு காரியம் முடிகிறவரைக்கும் துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் அத்தை ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "பெத்த அப்பன் வாயில பால் ஊத்தறதுக்குக் குடுத்து வெக்கல இவன். கொட்டாய்ல குந்திக்கினு சிரிச்சிக்கினு கீறான்." நைனா மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆப்பரேட்டர் மாமா துக்கத்துக்கு வந்து பந்தலுக்கு வெளியே நின்றே போய்விட்டார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ன சொல்லச் சொன்னார்கள், நான் என்ன சொன்னேன் என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் தெரியவில்லை. பத்து வயது. அந்த ஒற்றைச் சொல்லை நாக்குக்கு அடியில் கல்லாக வைத்துக்கொண்டு ஒரு வருஷம் சுற்றினேன்.

ஒரு வருஷம். ஏடாதி என்பார்களே, சாவு விழுந்த வீட்டுக்கு இருக்கும் அந்தத் தடை. தலைமகன் மலை ஏறக்கூடாது, கொட்டகையை மிதிக்கக் கூடாது. மலை ஏறக்கூடாதென்றால் மலை பஸ்ஸும் ஓட்டக்கூடாது என்று அத்தை தீர்த்துவிட்டார். நைனா டிப்போவில் கேட்டுச் சித்தூர் ரூட்டுக்கு மாறிக்கொண்டார். சட்டையில் சந்தனம் போய் வெல்ல வாடையும் மாம்பழ வாடையும் வந்தது. ஒருநாள் அம்மாவிடம் சொன்னார்: "வளைவே இல்லாத ரோடு. ஸ்டியரிங்க சும்மா புட்ச்சிக்கினு குந்திக்கினு கீறேன்."

ஏடாதி முடிந்தது. திவசம் கொடுத்தாகிவிட்டது. நைனா மலை ரூட்டைத் திருப்பிக் கேட்கவில்லை. கொட்டகை இருக்கும் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார். சாப்பிடுவார், வேலைக்குப் போவார், வந்து சுவரைப் பார்த்து உட்காருவார். நான் சொல்ல வந்த கோடை இங்கேதான் தொடங்குகிறது. அம்மா நிறைமாசம்.

அந்தக் கோடையில் நைனாவைத் தேற்றுவது எங்கள் வீட்டின் முழுநேரத் தொழிலாக இருந்தது. வரதய்யபாளையத்திலிருந்து அம்மாவின் அண்ணன், என் மாமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாடகை டிவியும் வீடியோ டெக்கும் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். டெக் சூடாகி ரப்பர் கருகுகிற வாடை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. கேசட் விஷயத்தில் மட்டும் அத்தைக்கும் மாமாவுக்கும் ஒத்துப்போகவில்லை.

"சாமி படம் போடு" என்றார் அத்தை. "பாவம் கழுவும்."

"சோகப் படந்தான்க்கா சரி. உள்ள தேங்கிக் கீறது அழுதா வெளிய வந்துடும். டாக்டரே சொல்லுவாரு."

"எந்த டாக்டரு? உங்க ஊரு மாட்டு டாக்டரா?"

இரண்டையும் போட்டார்கள். சாமி படத்தில் அம்மன் தோன்றியபோது அத்தை டிவிக்கே கற்பூரம் காட்டினார். சோகப் படத்துக்குத் தெருவே வந்து எங்கள் வீட்டில் அழுதது. வாசல்படி வரைக்கும் பெண்கள். அழுத கைக்குழந்தைகளை அதட்டிவிட்டு இவர்கள் அழுதார்கள். மாமாவே துண்டால் மூக்கைச் சிந்தினார். நைனா எழுந்தார். தேறிவிட்டார், அழப் போகிறார் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ரொம்ப நாளாக டக்டக்கென்று அடித்துக்கொண்டிருந்த மின்விசிறியின் இறக்கையை முறுக்கிச் சரிசெய்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

துக்கத்துக்கு மருந்து இன்னும் கொஞ்சம் துக்கம் என்று பெரியவர்கள் எப்படித்தான் நம்பினார்களோ. ஈரத்துணியை ஈரத்துணியால் துடைக்கிற காரியம். ஆனால் பாருங்கள், அந்த வயதுக்கு நானும் வந்துவிட்டேன். போன வருஷம் அலுவலகத் தோழி ஒருத்திக்கு நான் அனுப்பி வைத்ததும் அப்படி ஒரு படத்தைத்தான்.

அந்த வாரக் கடைசியில் பால் வாங்கப் போகும்போது சுவரில் பசை காயாத போஸ்டரைப் பார்த்தேன். பஸ் படம். பழைய படம் மறுபடி வந்திருந்தது, அதே கொட்டகையில், ஒரு வாரத்துக்கு. பாலோடு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா புளியைக் கரைத்து முடித்தாள். நைனா சாப்பிட உட்கார்ந்ததும் பேச்சைத் தொடங்கினாள்.

"இன்னாங்க. உங்க படம் வந்துகீதாம்."

நைனா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"போயி பாத்துட்டு வாங்க."

"வேணாம்."

"ஏன்?"

தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "நான் உள்ள போனா வெளிய உசுரு போவுது. நீ இப்ப கீற நெலையில நான் அங்க போயி குந்தறதா? உனுக்கு ஒண்ணு ஆச்சின்னா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை மாதமாகத் தாத்தாவை நினைத்து உட்கார்ந்திருந்தார் என்று நாங்கள் எல்லாரும் எண்ணிக்கொண்டிருந்தோம். அவர் அம்மாவை நினைத்துப் பயந்துகொண்டிருந்தார். இந்த மனுஷனுக்கு மாமா சோகப் படம் போட்டுக் காட்டினார்.

அம்மா ரசத்தை ஊற்றினாள். "உசுரு போறதும் வர்றதும் உங்க டிக்கெட்டுலயா கீது? உங்கப்பா அன்னிக்கு அவரே அனுப்ச்சாரு உங்கள. நானும் கேட்டேன், இதோ இவளும் கேட்டா. நாளைக்கு மேட்னிக்கு நீங்க போறீங்க. போலன்னா நான் போறேன், இந்த வயித்தத் தூக்கிக்கினு பெஞ்சுல போயி குந்தறேன்."

அம்மா சொன்னால் செய்வாள். அந்தப் பயத்தில்தான் நைனா போனார். வாசல்வரை போய் மூன்று முறை திரும்பி வந்தார். வலிக்குதா என்று கேட்டார், தண்ணி வெச்சிருக்குதா என்று கேட்டார், ஆட்டோக்காரர் வீட்டில் இருக்கிறாரா என்று என்னை அனுப்பிப் பார்க்கச் சொன்னார். கடைசியில் சைக்கிளில் ஏறித் தெருமுனை திரும்பினார். அம்மா அப்பாடா என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

அவளுக்கு நாள் இன்னும் பத்து இருந்தது. ஆனால் என் தங்கச்சி நாள் பார்த்துக் காரியம் செய்கிறவள் அல்ல, இன்றுவரைக்கும் அல்ல. ஒரு மணி நேரத்தில் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அத்தையைக் கூப்பிட்டாள். அத்தை ஓடிவந்து பார்த்தார், ஆட்டோவுக்குக் கத்தினார், பிறகு என் தோளைப் பிடித்தார். அதே தோள், அதே பிடி.

"ஓடு. உங்கப்பன நேரா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லு. கொட்டாய்ல நின்னுக்கினு வலி, பிரசவம்னு எதையும் வாயத் தொறந்து சொல்லாத, கண்ணு பட்டுடும். அவசரம்னு மட்டும்..."

அம்மா இடையில் மூச்சுப் பிடித்துச் சொன்னாள், "நான் நல்லா கீறேன்னு சொல்லு. வேகமா வந்து எங்கியாவது வுழப் போறாரு. மெதுவா வரச் சொல்லு."

இந்த முறை செருப்புப் போட்டுக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே முடிவு செய்துவிட்டேன்.

வாசல்காரர் கேட்பதற்கு முன்பே சொன்னேன்: "எங்கம்மாக்கு வலி எட்துக்கிச்சி. கொழந்த பொறக்கப் போவுது. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. அம்மா நல்லாகீறாங்க. நைனா வரணும்." டிக்கெட் கிழிக்க நின்றவர்கள், மாங்காய் விற்கிறவள், எல்லாருக்கும் கேட்டது. கேட்கட்டும். வாசல்காரர் என்னை மரப்படியில் தூக்கி மேலே விட்டார்.

மேலே அறையில் உலை மாதிரி வெக்கை. படச்சுருள் எந்திரத்தில் கடகடவென்று ஓடியது. ஆப்பரேட்டர் மாமா என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டார். ஒரு வருஷம் கழித்து நைனா உள்ளே வந்து உட்கார்ந்ததை அவர் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். நான் எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன்.

"நான் அவருக்கு ஸ்லைடு போடமாட்டேம்மா" என்றார். "இந்தக் கையால இனிமே போடமாட்டேன். நீயே உள்ள போயி கூப்டு."

"உங்கள நம்ப மாட்டாருன்னுதான போடமாட்டேன்றீங்க. எல்லாத்தையும் எழுதுங்க மாமா. அவசரம்னு மட்டும் எழுதாதீங்க. அன்னிக்கு நான் அத மட்டுந்தான் சொன்னேன். தாத்தாவப் பத்தி நான் சொல்லவே இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு ரீலில் பத்து அடி ஓடியிருக்கும். பிறகு மண்டியிட்டுக் கண்ணாடித் துண்டை எடுத்தார். ஒன்றில் இடம் போதவில்லை. மூன்று எடுத்தார். ஊசி கண்ணாடியில் கிறீச்சிட்டது.

நான் பக்கத்து ஓட்டையில் கண்ணை வைத்தேன். திரையில் டிரைவர் மூன்றாவது இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டிருந்தான். அவன் கையில் அப்பளம். தாத்தா, அது இடது கை. அந்த இலையின் மேல் வெள்ளையாக எழுத்து விழுந்தது, நம் ஊர்த் தெலுங்கில்:

கொண்ட டிரைவர். இது விளையாட்டு அல்ல.

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு அந்தக் கதை தெரியும். கடைசி வரிசையில், கதவோரம், ஓர் உருவம் எழுந்தது. அடுத்த கண்ணாடி.

உன் மனைவிக்கு வலி எடுத்திருக்கிறது. நன்றாக இருக்கிறாள். ஆஸ்பத்திரியில்.

படிக்கத் தெரிந்தவர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்காக உரக்கப் படித்தார்கள். முன்வரிசையில் ஒரு கிழவர் "நல்லாகீதாம்பா, நல்லாகீதாம்" என்று நைனாவைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார். மூன்றாவது:

மெதுவாக வரச் சொன்னாள். மகள் வாசலில்.

நைனா கதவுப் பக்கம் திரும்பாமல், என்ன நினைத்தாரோ, நடுவழிக்கு வந்துவிட்டார். எந்திரத்து வெளிச்சத்துக்குள் நின்றுவிட்டார். திரையில் அவர் நிழல் விழுந்தது, அழுதுகொண்டே அப்பளம் நொறுக்கும் அந்த டிரைவரின் மடியிலே இன்னொரு டிரைவர். யாரோ விசில் அடித்தார்கள். அப்புறம் கொட்டகை முழுக்க விசில். "போ அண்ணா, போ" என்று தமிழிலும் தெலுங்கிலும் கத்தினார்கள். முழங்கால்களை ஒடுக்கி வழிவிட்டார்கள். கழன்றுபோன அவருடைய ஒற்றைச் செருப்பைக் கைமாற்றிக் கைமாற்றிக் கதவுவரைக்கும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நான் படியில் உருண்டு இறங்கினேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவரின் முன்னால் போய் நின்று, நாக்குக்கு அடியில் இருந்த கல்லைத் துப்பினேன்.

"நைனா, அன்னிக்கு தாத்தாவப் பத்தி சொல்லக் கூடாதுன்னு அத்தை சொல்லிச்சி. நான் அவசரம்னு மட்டுந்தான் சொன்னேன். அதான் மாமா அப்டியே எழுதிட்டாரு."

நைனா நின்றார். சைக்கிள் மணியின் மேல் இருந்த கட்டைவிரல் அசையவில்லை. நான் இரண்டு மூச்சு எண்ணினேன். மூன்றாவதை எண்ணுவதற்குள் என்னைத் தூக்கி சைக்கிள் பாரில் உட்கார வைத்தார்.

"அப்ப அது வெளாட்டு மாதிரியேதான் இருந்திருக்கும்" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா, இன்னும் தெரியவில்லை. "நானுந்தான் எந்திரிச்சிருக்கலாம். சரி வுடு. நீ கால எரியக் காட்டிக்கினு நின்னியே தாயி."

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி, மாட்டுவண்டி, லாரி, எல்லாம் அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு வருஷமாக யாரிடமும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத என் நைனா, சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு, முழுக் குரலில், கொண்டைஊசி வளைவில் எதிர் பஸ்ஸுக்குக் குரல் கொடுப்பது போலச் சொன்னார்: "எம் பொண்டாட்டிக்கு வலி எட்துக்கிச்சி. நல்லா கீறா. மெதுவா வரச் சொன்னா. கொஞ்சம் வழி வுடுங்க." விஷயத்தை முழுக்கச் சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். ஜனம் சிரித்துக்கொண்டே விலகியது. இரண்டு பேர் சைக்கிளைக் குறுக்குக் கம்பிக்கு அடியில் சாய்த்து வாங்கினார்கள். கேட்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "ரா ரா, தொரகா, சீக்கிரம்" என்று கையைப் பிடித்து இழுத்துத் தண்டவாளத்தைத் தாண்டிவிட்டார்.

வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். நைனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளிருந்து அம்மா ஒருமுறை கையைத் தூக்கிக் காட்டினாள். பொழுது சாய்கிறபோது தங்கச்சி பிறந்தாள். அம்மாவும் நன்றாக இருந்தாள்.

அத்தை துணியில் சுற்றிக் குழந்தையை வெளியே கொண்டுவந்தார். கையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டை வைப்பது வீட்டில் மூத்தவர் செய்கிற காரியம். அத்தைதான் மூத்தவர். நர்சம்மா, அதெல்லாம் கூடாது என்று ஒருமுறை சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மனசைப் பிடித்துக்கொண்டு அத்தையிடம் சொன்னேன்.

"அத்த. நான் கொட்டாய்ல எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அத்தை என்னைப் பார்க்கவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வயதில் அது கோபம் என்று நினைத்தேன். இப்போது தெரிகிறது. அந்த ஒரு வருஷமும் அவரும் தன் நாக்குக்கு அடியில் எதையோ வைத்திருந்தார். அதை மறைக்கத்தான் அவ்வளவு சத்தமாகத் தம்பியைத் திட்டினார். சாகும்வரைக்கும் அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குக் கிண்ணத்தை நைனாவின் கையில் வைத்தார்.

"நீ தொட்டு வை தம்பி. நீதான் வெக்கணும்."

கடைசிச் சொட்டைத் தன் அப்பனுக்குக் கொடுக்க முடியாத விரலால் நைனா முதல் சொட்டைத் தன் மகளுக்குக் கொடுத்தார். அவள் சப்புக்கொட்டினாள். நைனா திக்கினார். ஒருமுறை, இன்னொருமுறை, அப்புறம் பிடித்துக்கொண்டது. குளிரில் நின்றிருந்த பஸ் கிளம்பியது. ஆஸ்பத்திரித் தாழ்வாரம் முழுக்க அந்தச் சிரிப்புக் கேட்டது.

மேட்னி முடிந்ததும் ஆப்பரேட்டர் மாமா இரண்டு டீயோடு வந்து வேப்பமரத்தடியில் நின்றார். நைனா போய் ஒன்றை வாங்கிக்கொண்டார். "உன் கைய ஒடிக்கிறேன் பாரு" என்றார். மூன்று கண்ணாடியையும் பேப்பரில் சுற்றி மாமா என்னிடம் கொடுத்தார். ஒன்று நான் பெரியவளான வருஷம் உடைந்தது. ஒன்று வீடு மாறும்போது தொலைந்தது. மூன்றாவது எங்கே போனதென்றே தெரியவில்லை. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிற்கின்றன.

படம் மாறுவதற்குள் அத்தையையே மேட்னிக்குக் கூட்டிப் போனோம். மூன்றாவது இலைக்கு அவர் என் தொடையில் அறைந்து அறைந்து சிரித்ததில் விரல் பதிந்துவிட்டது. அதற்கடுத்த மாதம் நைனாவின் சட்டையில் மறுபடி சந்தனம்.

நைனாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. சந்திரகிரியில் தங்கச்சியோடு இருக்கிறார். அவளுக்கும் எனக்கும் மனசு கோணினால் அந்தப் படத்தைப் போடச் சொல்கிறோம். அவர் சோபா விளிம்பில் உட்கார்ந்து, மடியில் பேப்பரை விரிக்கிறார். போன மாதம் தங்கச்சிக்கு ஸ்ரீசிட்டி கம்பெனியில் வேலை போய்விட்டது. நாளெல்லாம் படுத்தே கிடக்கிறாள் என்று தெரிந்து போயிருந்தேன். நைனா முதல் இலையைச் சாப்பிட்டார், இரண்டாவதைச் சாப்பிட்டார். மூன்றாவது இலையில் இடது கையில் அப்பளத்தை எடுத்துக் கண்ணைத் துடைத்த நேரம் பார்த்து, மேசைமேல் இருந்த அவருடைய போன் அடித்தது. நான் எழுந்து எடுத்தேன்.

"ஐயா இல்லீங்களா? கொஞ்சம் அவசரம்..." என்றது ஏதோ குரல்.

நைனா அப்பளத்தை இறக்கவில்லை.

"யாரா இருந்தாலும் மொதல்ல விஷயத்தச் சொல்லச் சொல்லு" என்றார். தங்கச்சி தலையணையிலிருந்து முகத்தை எடுத்து, எழுந்து உட்கார்ந்து, சிரிக்க ஆரம்பித்திருந்தாள். அவளுக்கும் அதே சிரிப்பு. இரண்டு முறை திக்கி, அப்புறம் பிடித்துக்கொள்கிறது.